தொண்டை நோவும் இதயமும்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்குத் தொண்டை நோவு என்றால் தோட்டத்தில் யாரும் பதறுவதில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுப்போம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வோம், நாலாம் நாள் பிள்ளை லயத்து வாசலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். அநேகமான தடவை அதுவே போதும். ஆனால் சில தடவை தொண்டையில் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதைக் கவனியாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்ப வரும், மூட்டு வீங்கும், இதயத்தின் வால்வு புண்ணாகும். மேட்டில் கொழுந்துக் கூடையோடு ஏற முடியாமல் மூச்சு வாங்கும் முப்பது வயதுப் பெண்ணிடம், “சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கிச்சா?” என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

இந்த நோயை ருமேட்டிக் காய்ச்சல் என்பார்கள். வாதக் காய்ச்சல் என்றும் எழுதுவதுண்டு. அது விட்டுப்போகும் பழுதுதான் ருமேட்டிக் இதய நோய். 2018ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் உள்ள இடங்களில்தான் இது இன்னும் தங்கி நிற்கிறது. தடுக்கும் மருந்து மிகப் பழையது, மலிவானது: பெனிசிலின். நம் நாட்டு அரச ஆஸ்பத்திரிகளில் அதற்குக் காசு கேட்பதில்லை. அப்படியிருந்தும் ஒரு பிள்ளையின் இதயம் இதனால் கெடுகிறது என்றால், எனக்கு அது பொறுக்க முடியாத காரியம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் தகப்பன், தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியர், சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்த இளைஞர்கள் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். டாக்டருக்குப் பதிலாக இதைப் பாவிக்க வேண்டாம். டாக்டரிடம் எப்போது போவது, போனால் என்ன சொல்வது என்பதற்குப் பாவியுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

தொற்று நோய்க் கிருமிகளில் நாம் அடிக்கடி சந்திப்பது இரண்டு வகை. தடிமன், சளிக்காய்ச்சல், டெங்கு போன்றவற்றைக் கொண்டுவருவது வைரஸ். அதற்கு அன்டிபயோடிக் வேலை செய்யாது. சில தொண்டைப் புண், நிமோனியாவில் ஒரு பகுதி, சீழ்க்கட்டிகள் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. அதற்கு அன்டிபயோடிக் வேலை செய்யும்.

எந்தக் கிருமி நுழைந்தாலும் உடம்பு அதன் வெளித்தோற்றத்தைப் படித்து, அதைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைச் செய்கிறது. ஒருமுறை படித்ததை மறக்காமலும் வைத்துக்கொள்கிறது. தடுப்பூசி போடுவதன் பலனே இந்த ஞாபகம்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷயத்தில் இதே ஞாபகம் தொந்தரவாகிவிடுகிறது. அந்தக் கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு புரதம், நம் இதயத்தில் உள்ள புரதங்களைப் பெரிதும் ஒத்தது. மழைக்குக் கறுப்புக் கம்பளி போர்த்தி வந்த திருடனைத் துரத்திப் பழகிய நாய், மறுநாள் அதே மாதிரிக் கம்பளியோடு வீட்டுக்கு வரும் எஜமானையே கடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடக்கிறது. கிருமி இதயத்துக்குப் போவதில்லை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் பாதுகாப்பே இதயத்தைத் தாக்குகிறது. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு நோய் வெளிப்படுவதற்கும் இதுவே காரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. “எதிர்ப்புச் சக்தி கூட்டும்” என்று போத்தலில் விற்கும் டொனிக் எதுவும் இந்த நோயைத் தடுக்காது. சத்தாகச் சாப்பிடும் பிள்ளைக்கும் இது வரலாம். இரண்டாவது, ஒருமுறை வந்த பிள்ளைக்கு மறுபடி அதே தொண்டைப் புண் வந்தால் உடம்பு முன்னைவிட வேகமாகத் தவறு செய்யும். ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கொஞ்சம் தடித்துச் சுருங்கும். இரத்தத்தை ஒரே திசையில் போகவிடும் மெல்லிய மடிப்புகளே வால்வுகள். நான்கில் மிட்ரல் வால்வுதான் அதிகம் அடிவாங்குவது.

மலையகத்தில் ஏன் கவனம் தேவை என்று கேட்டால், லயத்தைப் பார்த்தாலே தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஐந்தாறு பேர், குளிருக்கு யன்னல் சாத்தி, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் படுக்கிறோம். இருமலிலும் தும்மலிலும் பேச்சிலும் தெறிக்கும் துளிகளால் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி வேறில்லை. இதற்காகத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல வீடு கிடைப்பதும் இதயத்துக்கான மருந்துதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடு கிடைக்கும்வரை செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது படி: தொண்டையைப் பாருங்கள்

ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை கூடுதல் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் ருமேட்டிக் காய்ச்சல் வருவது மிக அரிது. பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, வாயைத் திறந்து “ஆ” என்று சொல்லச் சொல்லி, டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல், கண் சிவப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் வைரஸ் தடிமன். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் திடீரென்று காய்ச்சல், எச்சில் விழுங்கவே நோவு, உள்நாக்குக்கு இரு பக்கமும் வீங்கிச் சிவந்து வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் நெறிக்கட்டு என்று இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு வயிற்று வலியும் வாந்தியும் கூட வரும். கண்ணால் பார்த்து நூறு வீதம் சொல்ல டாக்டராலும் முடியாது. சந்தேகம் வந்தாலே காட்ட வேண்டும்.

காய்ச்சலுக்கு வீட்டில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், பிள்ளையின் எடைக்கேற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் மாதிரியான நோவு மருந்து எதையும் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் டெங்காக இருந்தால் அவை இரத்தப்போக்கை உண்டாக்கும். ருமேட்டிக் காய்ச்சலாக இருந்தால் மூட்டு வீக்கத்தை மறைத்து, நோயைக் கண்டுபிடிக்க விடாது.

கொத்தமல்லித் தண்ணியும் இஞ்சித் தேத்தண்ணியும் தொண்டைக்கு இதமானவை, தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றால் இந்தப் பாக்டீரியா சாகாது.

பிள்ளை எச்சிலையே விழுங்க முடியாமல் வடியவிட்டால், மூச்சு எடுக்கும்போது சத்தம் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தச் சந்தியில் திரும்புவது என்பதைத் தெளிவாகச் சொல்லி, ஒருவரை ரோட்டு ஓரத்தில் நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது படி: ஒன்பது நாள்

தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தை ஆரம்பித்தால் ருமேட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். 1950ஆம் ஆண்டு அமெரிக்கப் படை முகாம் ஒன்றில் நடந்த ஆய்வு, தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் கொடுத்தால் பின்னால் வரும் ருமேட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று காட்டியது. நெருங்கிப் படுக்கும் படைமுகாமுக்கும் நம் லயத்துக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஒன்பது நாள் என்பது நமக்குச் சாதகமான கணக்கு. கொழுந்து எடுக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போகும், டவுனுக்குப் போக பஸ் காசு வேண்டும். ஆகவே முதல் நாளே ஓட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாவது நாளுக்கு முன் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலோ காட்டிவிடுங்கள். “ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம்” என்று இரண்டு வாரம் போய்விடுவதுதான் ஆபத்து.

காட்டும்போது இந்த நான்கையும் சொல்லுங்கள்: எந்த நாள் தொடங்கியது, இருமல் உண்டா இல்லையா, வீட்டிலோ வகுப்பிலோ வேறு யாருக்குத் தொண்டை நோவு, குடும்பத்தில் யாருக்காவது வால்வு நோய் இருக்கிறதா. முன்பு பெனிசிலின் போட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அப்படியானவர்களுக்கு எரித்ரோமைசின் போன்ற வேறு மருந்து கொடுப்பார்கள்.

தொண்டையில் பஞ்சு தடவிச் செய்யும் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைக்காது. அறிகுறிகளை வைத்தே முடிவெடுப்பது வழமை. மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் வற்புறுத்தி அன்டிபயோடிக் கேட்காதீர்கள். வைரஸுக்கு அது வீண்.

மூன்றாவது படி: பத்து நாளும் பத்து நாள்தான்

பெனிசிலின் அல்லது அமொக்சிசிலின் வாயால் கொடுத்தால் பத்து நாள் கொடுக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளிலேயே காய்ச்சல் விட்டுவிடும். மிச்ச மாத்திரையைத் தம்பிக்கு வந்தால் கொடுக்கலாம் என்று அலுமாரியில் எடுத்து வைப்பது நம்மில் பல வீடுகளில் நடக்கிறது. தொண்டையில் மிஞ்சிய கிருமி அப்படியே இருக்கும். நோவு போனாலும் இதயத்துக்கான ஆபத்து போகவில்லை. கலண்டரில் பத்து நாளையும் வட்டம் போட்டு, மருந்து கொடுத்ததும் வெட்டிவிடுங்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் மறந்துபோகும் என்றால், வீட்டில் இருக்கும் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ பொறுப்பைக் கொடுக்கலாம்.

பத்து நாள் கொடுக்க முடியாது என்று தோன்றினால் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒரே ஒரு பென்சதீன் பெனிசிலின் ஊசியும் இதே வேலையைச் செய்யும்.

மருந்து தொடங்கி 24 மணித்தியாலம் ஆகும்வரை பிள்ளையைப் பள்ளிக்கோ டியூஷனுக்கோ அனுப்ப வேண்டாம். அதன் பிறகு பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

நாலாவது படி: அடுத்து வரும் வாரங்களில் கண் வையுங்கள்

இந்தப் பகுதியை ஆசிரியர்கள் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

கவனிக்கப்படாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண் உள்ள பிள்ளைகளில் மிகச் சிலருக்கே, அதிகபட்சம் நூற்றுக்கு மூவருக்கு, ருமேட்டிக் காய்ச்சல் வருகிறது. அந்தச் சிலரை அடையாளம் காண 1944இல் டக்கெட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு அறிகுறிப் பட்டியல் தந்தார். 2015இல் திருத்தப்பட்ட அதே பட்டியலைத்தான் இன்றும் டாக்டர்கள் பாவிக்கிறார்கள்.

மூட்டு வீக்கம் முதலில் வருவது. முழங்கால் வீங்கிச் சூடாகி நோகும். இரண்டு நாளில் அது இறங்கி அடுத்த முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ முழங்கைக்கோ மாறும். இப்படி இடம் மாறும் நோவு விளையாட்டில் விழுந்த அடியால் வருவதில்லை. “எங்கயாவது விழுந்திருப்ப” என்று சுளுக்கு எடுக்கக் கூட்டிப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோய் கூடுதலாக உள்ள இடங்களில் ஒரே ஒரு மூட்டு வீங்கினாலும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுத் திருத்தம்.

இதய அழற்சிதான் பயப்பட வேண்டியது. சும்மா இருக்கும்போதும் நெஞ்சு படபடப்பது, வழக்கமாக ஓடி ஏறும் படிக்கட்டில் பிள்ளை நின்று நின்று ஏறுவது, தட்டையாகப் படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, முகத்திலும் காலிலும் வீக்கம். சிலருக்கு வெளியே எதுவுமே தெரியாது, எக்கோ என்ற இதய ஸ்கேன் செய்தால்தான் தெரியும்.

மூன்றாவது அறிகுறியைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறோம். தொண்டைப் புண் வந்து பல வாரம், சிலசமயம் ஆறு மாதம் கழித்துக்கூட, பிள்ளையின் கை கால் தானாக இழுத்து ஆடத் தொடங்கும். முகம் கோணும், நாக்கை வெளியே நீட்டி வைக்க முடியாது, தேத்தண்ணிக் கோப்பை கைதவறி விழும், அழகாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோணலாகும், காரணமில்லாமல் அழும், கோபப்படும். பெண் பிள்ளைகளில் இது கூடுதல். தூங்கும்போது நின்றுவிடும். இதற்குக் கொரியா என்று பெயர். மூளையின் ஒரு பகுதியை அதே எதிர்ப்பொருட்கள் தொடுவதால் வருவது. வகுப்பில் இப்படியான பிள்ளைக்கு அடி விழுந்தால் அதைவிடப் பாவம் வேறில்லை. கெட்ட காற்றுப் பட்டது என்று நினைத்து மாரியம்மன் கோயிலில் விபூதி போட்டு நூல் கட்டுவதை நான் தடுக்கவில்லை. கட்டிய அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்.

தோலில் விளிம்பு மட்டும் சிவந்த வளையங்களும், முழங்கை முழங்கால் எலும்புக்கு மேல் நோவில்லாத சின்னக் கட்டிகளும் அரிதாக வரும்.

பக்கத்து விஷயம் ஒன்று. இதே குடும்பத்துக் கிருமி சிரங்குப் புண்ணிலும் குடியிருக்கும். சொறி வந்து கீறிய இடம் சீழ்ப்பிடித்து இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு காலையில் பிள்ளையின் முகம் வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் அது சிறுநீரகம். அன்றே காட்ட வேண்டும்.

ஐந்தாவது படி: ஆஸ்பத்திரியில்

மேலே சொன்னதில் ஏதாவது ஒன்று இருந்தால் டிஸ்பென்சரியோடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை வைத்தியசாலைகள் என்று எது கிட்டவோ அங்கே போகலாம். கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, பிள்ளை என்றால் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள்.

இரத்தத்தில் அழற்சியின் அளவையும், அண்மையில் இந்தக் கிருமி வந்துபோனதா என்பதையும் பார்ப்பார்கள். ஈசிஜி எடுப்பார்கள். எக்கோ என்பது வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரியானதே. நோகாது, ஊசி இல்லை. வால்வு சரியாக மூடித் திறக்கிறதா என்று அதில் தெரியும். பிள்ளையைப் படுக்கையில் ஓய்வாக வைத்திருக்கச் சொன்னால் பிடிவாதமாகத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டாம். பிறந்தபோது தந்த பிள்ளையின் சுகாதாரக் கொப்பியையும் பழைய மருந்துத் துண்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் மறுபடி கேளுங்கள், அல்லது தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தலையாட்டிவிட்டு வந்தால் ஊசித் தேதி தவறிவிடும்.

ஆறாவது படி: ஊசி

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, டாக்டர் சொன்ன கணக்கில், பென்சதீன் பெனிசிலின் ஊசி. பெரிய பிள்ளைக்கும் வளர்ந்தவருக்கும் 12 லட்சம் யூனிட், சின்னப் பிள்ளைக்கு அதில் பாதி. பழைய பழுதை இந்த ஊசி உடனே ஆற்றாது. அடுத்த தொண்டைப் புண் வராமல் காவல் நிற்கிறது. அடுத்தது வராவிட்டால் இலேசாகப் பழுதான வால்வு வருடக்கணக்கில் தானாகத் தேறிவருவதும் உண்டு.

எவ்வளவு காலம் என்பதுதான் எல்லோரும் கேட்பது. பொதுவான வழிகாட்டல் இது. இதயம் தொடப்படாதவருக்குக் குறைந்தது 5 வருடம் அல்லது 21 வயதுவரை. இதய அழற்சி வந்து ஆறியவருக்கு 10 வருடம் அல்லது 21 வயதுவரை. வால்வு பழுதாகவே நின்றவருக்கு 10 வருடம் அல்லது 40 வயதுவரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. ஒவ்வொன்றிலும் எது பிந்தி வருகிறதோ அதுவே கணக்கு. நிறுத்துவதை டாக்டர் மட்டும்தான் தீர்மானிக்க வேண்டும். “இப்ப நல்லாத்தானே இருக்கான்” என்று நிறுத்திவிடுகிறோம். நல்லா இருப்பதே ஊசியால்தான்.

ஊசி நோகும். அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்த மருந்தை அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஊசி குத்தும் இடத்தைப் பத்து விநாடி விரலால் அழுத்திப் பிடித்து, மெதுவாகச் செலுத்தினால் நோவு குறையும். நேர்ஸிடம் பணிவாகக் கேட்டால் செய்வார்கள். வெறும் வயிற்றோடு போகாமல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். போட்ட பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். தடிப்பு, மூச்சு முட்டல், மயக்கம் வந்தால் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மூச்சு வாங்கும் அளவுக்கு வால்வு மோசமாக உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பதில் தினமும் மாத்திரை நல்லதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

தேதி தவறாமல் இருக்க ஒரு யோசனை. இதய கிளினிக் கண்டியிலோ பதுளையிலோ இருக்கலாம், ஊசிக்காக ஒவ்வொரு மாதமும் அங்கே போக வேண்டியதில்லை. பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையில் போடலாம் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் மிஞ்சும். ஊசி நாளைப் பாடசாலையில் வகுப்பாசிரியருக்கும் தெரியப்படுத்துங்கள். வரவுப் புத்தகத்தின் ஓரத்தில் அவர் ஒரு குறி போட்டு வைத்தால் வீட்டில் மறந்தாலும் அங்கே ஞாபகப்படுத்துவார்கள். மண்சரிவில் ரோட்டு மூடிப் போக முடியாமல் போனால், திறந்த அன்றே போடுங்கள். அடுத்த தேதிவரை தள்ள வேண்டாம்.

ஏழாவது படி: பல்

பழுதான வால்வில், இரத்தத்தில் போகும் கிருமி ஒட்டி வளரும். அநேகமாக அந்தக் கிருமி வாயிலிருந்துதான் வருகிறது. காலையும் இரவும் புளோரைட் பற்பசையால் தேய்ப்பது, சொத்தைப் பல்லை விட்டுவைக்காமல் காட்டுவது, பல் பிடுங்கும் முன் “எனக்கு வால்வு நோய் இருக்கு” என்று சொல்வது, இவ்வளவுதான். பெரியவர்களுக்கு வெற்றிலை புகையிலை போடுவதையும் விடச் சொல்ல வேண்டும். வால்வு நோய் உள்ளவருக்கு ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் நின்றால் அன்டிபயோடிக் எதுவும் விழுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். முதலில் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எட்டாவது படி: பெண் பிள்ளை வளர்ந்த பிறகு

கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி அளவு கூடுகிறது. சுருங்கிய மிட்ரல் வால்வால் அதைத் தாங்க முடியாது. அதுவரை எந்த அறிகுறியும் இல்லாத பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் மூச்சுத்திணறல் வந்து, அப்போதுதான் வால்வு நோயே தெரியவருவது நடக்கிறது. இலங்கையில் கர்ப்பிணிகள் இறப்பதற்கான முக்கிய காரணங்களில் இதய நோயும் ஒன்று.

மேட்டில் ஏற மூச்சு வாங்குவதை நம் பெண்கள் “இரத்தம் கொறவு”, “சளி” என்று சொல்லிவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுகிறார்கள். இரத்தக் குறைவும் மலையகத்தில் உள்ளதுதான். ஆனால் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், இரவில் மூச்சு முட்டி எழும்புவது, இருமலில் சிவப்பு, கால் வீக்கம், நெஞ்சு தாறுமாறாக அடிப்பது என்று வந்தால் அயன் மாத்திரையோடு நிறுத்தாமல் எக்கோ செய்யக் கேட்க வேண்டும்.

வால்வு நோய் உள்ள பெண், கர்ப்பம் தரிக்கும் முன்னரே இதய டாக்டரிடம் பேச வேண்டும். சுருங்கிய வால்வைப் பலூன் வைத்து விரிக்கலாம். சிலருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும். செயற்கை வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் மாத்திரை குடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி செய்யலாம், ஆனால் தாமாக நிறுத்தினால் வால்வில் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் என்று தெரிந்த உடனே, எட்டு வாரத்துக்கு முன்னரே, குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து, சின்ன வயதில் வந்த காய்ச்சலையும் போட்ட ஊசியையும் சொல்லுங்கள். பெனிசிலின் ஊசி கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பாதுகாப்பானது.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று ஊசியை நிறுத்திக் கலியாணம் செய்து வைப்பது நடக்கிறது. அந்தப் பிள்ளையின் உயிரை வைத்து மானத்தைக் காக்க வேண்டாம் என்று பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இது பிறருக்கு ஒட்டும் நோயல்ல. ஒழுங்காக ஊசி போட்டு, கிளினிக் போய் வரும் பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

வீட்டிலும் பள்ளியிலும்

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் தடுப்பூசி இன்னும் பாவனைக்கு வரவில்லை. அதனால் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். தொண்டை நோவு உள்ள பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனித் துவாய். இரவில் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வைத்தால் முகத்துக்கு முகம் நேராக வராது. வெயில் அடிக்கும் நேரத்திலாவது யன்னல் கதவைத் திறந்து வையுங்கள். அடுப்புப் புகை போக வழி செய்யுங்கள். பீலியில் குளிக்கும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். சொறி வந்தால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும்.

ஒரே வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் காய்ச்சலோடு தொண்டை நோவு என்றால், ஆசிரியர் பொதுச் சுகாதார பரிசோதகருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

தோட்டத்தை விட்டுப் போகும்போது

பதினெட்டு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகும் பிள்ளைகளிடம்தான் ஊசி அதிகம் நின்றுபோகிறது. வயதைப் பார்த்தால் ஊசி கட்டாயம் வேண்டிய காலம் அதுதான். பயணப் பையில் கிளினிக் கொப்பியை வைக்கும் முன், அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: நோயின் பெயர், எந்த வால்வு, கடைசி ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசித் தேதி, பெனிசிலின் ஒத்துக்கொள்கிறதா இல்லையா, பார்க்கும் கிளினிக் எது. எக்கோ ரிப்போர்ட்டை போனில் படம் எடுத்து அம்மாவின் போனிலும் ஒன்று இருக்கட்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தங்குமிடத்துக்குக் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் கொப்பியைக் காட்டி, ஊசியைத் தொடர ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முதலாளியிடம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மணித்தியாலம் லீவு வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிவிடச் சொல்லுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது கொப்பியைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். இடையில் விட்டிருந்தால், திட்டாமல், திரும்பிப் போகும் முன் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்.